கடலுள் மூழ்கிக் கற்றல்

நெய்தல் நிலத்தைப் பாடிய நம் பழம்புலவர்கள் பெரும்பாலும் கரையில் நின்றே கடலைக் கண்டனர். திரையும் மணலும், புன்னை நிழலும் தாழை மணமும், உமணர் வண்டியும் பரதவர் வலையும் அவர்தம் செய்யுட்களில் நிறைந்து கிடக்கின்றன. கடலின் அடியிலுள்ளனவோ முத்து, பவளம், சங்கு என்னும் சில பெயர்களோடு அமைந்துவிடுகின்றன. தமிழ் பயிலும் யாமும் சென்ற கோடை வரையில் அவ்வளவே அறிந்திருந்தோம்.

எம் விடுதி நண்பர் ஒருவர் விலங்கியல் பயில்பவர், மரக்காணத்தினர். அவர்தம் அன்னையார் அவ்வூர் உப்பளத்தில் வேலை செய்பவர். கடலுயிர் நூலில் மேற்படிப்புப் பெற்று ஆராய்ச்சி செய்தல் வேண்டும் என்பது நண்பர் விருப்பம். அதன்பொருட்டு இரண்டு ஆண்டுகள் மாலைதோறும் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிப் பணம் சேர்த்து, கோடை விடுமுறையில் புதுச்சேரிக்குச் சென்று, ஸ்கூபா என்னும் மூழ்குகலையைப் பயின்று, முதற் சான்றிதழும் பெற்றார். பெற்ற வாரத்திலேயே, "எங்கள் ஊர்க் கடலின் அடியை நானே பார்த்துவிடப் போகிறேன், நீயும் வா" என்று எம்மை உடன் அழைத்துச் சென்றார். யாம் ஐந்து நாள் மரக்காணத்தில் தங்கினோம். அந்த ஐந்து நாளும் அவர் கடலில் மூழ்கவில்லை. ஏன் மூழ்கவில்லை என்பதையும், மூழ்காமலே அவர் கற்றது யாது என்பதையும் நம் கல்லூரி அன்பர்கட்கு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், மூழ்குகலை இன்னதென்று அறிதல் வேண்டும். நம் நாட்டிற்கு இது புதியதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்போர் பல நூற்றாண்டுகளாக எவ்விதக் கருவியுமின்றிக் கடலடிக்குச் சென்று மீண்டனர். குளிப்பவர் கயிற்றிற் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றி, மூச்சையடக்கி, விரைந்து கீழே இறங்குவார். சிப்பிகளை வாரிப் பையில் இடுவார். கயிற்றை அசைத்தவுடன் படகில் இருப்பவர் மேலே இழுப்பார். இவையனைத்தும் ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்தில் நிகழ்வன. ஆழத்தை அவர்கள் பாகம் என்னும் அளவையால் அளந்தனர்; இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம், அஃதாவது ஏறத்தாழ ஆறடி. சிப்பி வாழும் கடலடிப் பாறை நிலத்தைப் பார் என்றனர். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தொல்லாயிரம் பார் முதலிய பெயர்கள் இன்றும் ஆராய்ச்சி நூல்களில் அவ்வாறே வழங்குகின்றன. நம் பக்கத்து முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது.

மூச்சை அடக்கிச் செல்வார்க்கு ஒரு நிமிடமே வாழ்வு. அந்த ஒரு நிமிடத்தில் சிப்பியை வாரலாம். சிப்பி எவ்வாறு வாழ்கிறது என்று அமர்ந்து நோக்க இயலாது. இக்குறையை நீக்கிய கருவியை 1943இல் பிரான்சு நாட்டினராகிய கூஸ்தோ என்னும் கடற்படை அதிகாரியும் கான்யான் என்னும் பொறியறிஞரும் ஆக்கினர். அழுத்தி அடைத்த காற்றுள்ள உருளையை முதுகிற் சுமந்து செல்லுதலும், அக்காற்றை மூழ்குவோன் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திற்கு ஒப்பச் சரிசெய்து, அவன் மூச்சை இழுக்கும்போது மட்டும் வாயில் விடும் ரெகுலேட்டர் என்னும் அடைப்பானுமே இக்கருவியின் உயிர். ஸ்கூபா என்னும் சொல் ஆங்கிலத்தில் ஐந்து சொற்களின் முதலெழுத்துக்களைக் கோத்து அமைத்தது. நீரடியில் மூச்சுவிடுவதற்குத் தன்னுடனே கொண்டுசெல்லும் கருவி என்பது அதன் பொருள்.

இனி, காற்று இருக்கின்றதே, அச்சம் என்னை என்று வினவலாம். அச்சம் காற்றில்லாமையால் மட்டும் வருவதன்று, அழுத்தத்தாலும் வருவது. கரையில் நிற்கும் நம்மீது வளிமண்டலத்தின் அழுத்தம் ஒரு மடங்கு. கடலில் 10 மீட்டர் இறங்குந்தோறும் மேலும் ஒரு மடங்கு சேர்கின்றது. 10 மீட்டரில் இரண்டு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. அழுத்தம் இரட்டித்தால் வாயுவின் பருமை பாதியாகும் என்பது பாயில் என்பார் பதினேழாம் நூற்றாண்டில் கண்ட விதி. ஆதலின் 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை வாங்கி, அதனை வெளிவிடாது அடக்கிக்கொண்டு மேலே வருவானாயின், அக்காற்று இருமடங்காய் விரிய முற்பட்டு நுரையீரலையே கிழித்துவிடும். முத்துக்குளிப்பவர் மூச்சை அடக்கியே வாழ்ந்தார். ஸ்கூபா அணிந்தவனோ மூச்சை ஒருபோதும் அடக்குதல் கூடாது. இவ்விரண்டிற்கும் காரணம் எளிது. முன்னவர் கரைக்காற்றைக் கொண்டுசென்று கரைக்காற்றையே மீட்டுவந்தார்; பின்னவன் ஆழத்திலே அழுத்தம் மிக்க காற்றை வாங்குகின்றான்.

மற்றொரு தீங்கு நைட்ரஜனால் வருவது. நாம் வாங்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆழத்தில் அஃது குருதியிலும் தசையிலும் மிகுதியாகக் கரைகின்றது. விரைந்து மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்தவுடன் குமிழி எழுவதுபோல உடலினுள்ளே குமிழிகள் எழுந்து, மூட்டுவலியும், கொடியதாயின் முடக்கமும், மரணமும் விளைவிக்கும். பிரித்தானிய அறிஞர் ஹால்டேன் 1908இல் தம் துணைவரோடு வெளியிட்ட ஆராய்ச்சியில், படிப்படியாக ஏறினால் இத்தீங்கைத் தடுக்கலாம் என்று காட்டினார். அதனால்தான் இன்றைய மூழ்குவோர் மெல்ல ஏறுகின்றனர். 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கிப் பின்னரே வெளிவருகின்றனர்.

ஆழமும் நேரமும் எவ்வாறு ஒன்றையொன்று குறைக்கின்றன என்பதை நண்பர் எமக்கு ஒரு கணக்கால் விளக்கினார். 12 லிட்டர் கொள்ளும் உருளையில் 200 மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்தால் அது 2,400 லிட்டர் காற்றாகும். நான்கில் ஒரு பங்கை ஆபத்திற்கென ஒதுக்கினால் எஞ்சுவது 1,800 லிட்டர். ஒருவன் நிமிடத்திற்கு 20 லிட்டர் செலவிடுவானென்று கொண்டால், கரையில் அது 90 நிமிடம் வரும். 10 மீட்டரில் 45 நிமிடம். 18 மீட்டரிலோ 32 நிமிடமே. அச்சமுற்றுப் பெருமூச்சு விடுவானாயின் அதனினும் குறையும். முதற் சான்றிதழ் பெற்றவர்க்குப் பயிற்சி நிலையங்கள் பொதுவாக வகுக்கும் எல்லையும் 18 மீட்டரே. நண்பர் செலவிட்ட இரண்டு ஆண்டு உழைப்பின் பயன், ஒரு முறைக்கு அரைமணி நேரம் கடலடியைப் பார்க்கும் உரிமை என்று யாம் அப்பொழுதுதான் உணர்ந்தோம்.

அந்த அரைமணியில் கடலுயிர் நூலார் செய்வது யாது? வேடிக்கை பார்ப்பதன்று, அளப்பதும் எண்ணுவதுமாகும். அளவுக் கயிற்றைக் கடலடியில் நேராக விரித்து, அதன் வழியே நீந்தி, கயிற்றின்கீழ் அமையும் உயிர்களை வரிசையாகக் குறிப்பர். சதுரச் சட்டம் ஒன்றை ஆங்காங்கே வைத்து, அதனுள் அகப்படுவனவற்றை எண்ணுவர். நீரில் நனையாத பலகையில் பென்சிலால் எழுதுவர். கண்ணை மட்டும் நம்பின் பிழை நேரும். நீரினுள் முகமூடிக் கண்ணாடி வழியே பார்க்கும்போது பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரியனவாய்த் தோன்றும். செந்நிறமோ சில மீட்டர் ஆழத்திலேயே மங்கி மறையத் தொடங்கும். விளக்கின்றிப் பார்ப்பவன் சிவந்த மீனைப் பழுப்பென்று எழுதிவைப்பான்.

இவ்வகை ஆராய்ச்சி நம் தமிழ்நாட்டிலே நடந்துள்ளது என்பதை நம் மாணவரிற் பலர் அறியார். 1947இல் நிறுவப்பெற்ற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த மகாதேவன், நாகப்பன் நாயர் என்னும் இருவர், தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள பார்களில் மூழ்குகருவி அணிந்து தாமே இறங்கி, கண்டவற்றை 1960களில் கட்டுரைகளாக வெளியிட்டனர். முத்துக்குளிப்பவர் மேலே கொணர்ந்த சிப்பியைக் கொண்டு கடலடியை ஊகித்த நிலை மாறி, ஆராய்ச்சியாளரே சிப்பியை அதன் இருப்பிடத்திற் சென்று காணும் நிலை அவ்வாறு வந்தது. அந்நிலையத்தின் தூத்துக்குடிப் பகுதியிலேயே 1973இல் அழகர்சாமி என்பார் முத்துச்சிப்பியினுள் முத்தை வளர்த்தெடுப்பதில் வெற்றி கண்டார். கடல்நீர் மிக வெப்பமுறும் ஆண்டுகளில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுக்கின்றன. எத்துணைப் பகுதி வெளுத்தது, எத்துணைப் பகுதி மீண்டும் உயிர்த்தது என்று கூறுதற்கு, ஒரே இடத்திற்கு மீண்டும் மீண்டும் இறங்கி எண்ணும் மூழ்குவோர் இன்றியமையாதவர்.

நிற்க. இவ்வளவு பயனுள்ள கலையைக் கற்ற நண்பர் தம் ஊர்க் கடலில் ஏன் இறங்கவில்லை? அதற்கு அவ்வூரின் இயல்பை அறிதல் வேண்டும்.

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. சிறுபாணாற்றுப்படையிற் கூறப்பெறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் ஆராய்ச்சியாளர் சிலர். அந்நூலைப் பாடிய நத்தத்தனாரின் இடைக்கழிநாடு இதற்கு வடக்கே அணித்தாக உள்ளது. இவ்வூர்ப் பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுக்கள் உப்பளங்களைக் குறிக்கின்றன. ஆதலின் இங்கு உப்பு விளைத்தல் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது எனலாம். பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும் இப்பகுதியே. மேற்கே கழுவெளி என்னும் பெரிய உவர்நீர்ப் பரப்பு விரிந்துள்ளது. அது 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. கிழக்கே கடல். அக்கடலின் அடியில் மன்னார் வளைகுடாவிற்போலப் பவளத் திட்டுக்கள் இல்லை. கரையோரத்தில் மணலும் சேறுமே. அலை ஓயாது மணலைக் கிளறுதலின், கரைக்கு அண்மையில் நீர் பெரும்பாலும் கலங்கியே இருக்கும்.

யாம் சென்ற இரண்டாம் நாள் மாலை, படகருகே வலை பழுதுபார்த்திருந்த முதியவர் ஒருவரிடம், தம்மைப் படகில் ஏற்றிச்சென்று கடலில் விடுமாறு நண்பர் வேண்டினார். முதியவர் வலையினின்று கண்ணை எடுக்காமலே வினவினார்:

"எத்தனை நாள் கற்றாய், தம்பி?"

"நான்கு நாள், ஐயா. நான்கு முறை கடலில் இறங்கினேன்."

"தனியாகவா?"

"இல்லை, ஐயா. ஆசிரியர் அருகிலேயே இருந்தார். நீரும் தெளிவாக இருந்தது."

"இங்கே அப்படித் தெளியாது. போன வாரம் என் வலை ஒன்று அடியில் மாட்டி அறுந்துபோயிற்று. அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. மீனையும் பிடிக்கும், ஆமையையும் பிடிக்கும், உன்னையும் பிடிக்கும். கீழே போவதற்கு உன் காற்றுப்பெட்டி உதவும். சிக்கிக்கொண்டால் யார் வந்து அறுத்துவிடுவார்?"

நண்பர் விடை கூறவில்லை. துணையாக இறங்குவதற்கு வேறொருவர் இல்லை. எமக்கோ நீந்தவே நன்றாகத் தெரியாது. அன்றிரவு அவர் தம் பயிற்சிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். துணையின்றி மூழ்கலாகாது என்பதும், பயின்ற இடத்தினும் கடினமான நீரில் தக்க பயிற்சியின்றி இறங்கலாகாது என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருந்தன. படித்துத் தேர்வெழுதிய விதிகளையே அம்முதியவர் படியாமல் கூறினார் என்று சொல்லி, அவர் புத்தகத்தை மூடிவிட்டார். அவருக்கு மனவருத்தம் மிகுதி. "இதற்காகவா இரண்டு வருஷம் சேர்த்தேன்?" என்று ஒருமுறை கேட்டார். யாம் என்ன விடை கூற இயலும்? வாளா இருந்தோம்.

மறுநாள் விடியுமுன் அவர் அன்னையார் வேலைக்குப் புறப்பட்டார். யாங்களும் உடன் சென்றோம். வெயில் ஏறுமுன் உப்பை வாரிக் கரையேற்றல் வேண்டுமாதலின், உப்பளத்தில் வேலை இருளிலேயே தொடங்குகின்றது. பகலில் வெண்மையான உப்பின்மேற் பட்டு மீளும் வெயில் கண்ணைக் கெடுக்கின்றது. நாள் முழுதும் உவர்நீரில் நிற்றலின் பாதம் வெடிக்கின்றது. நம் உணவில் ஒரு சிட்டிகையாக விழும் பொருளின் விலை இதுவென்று யாம் அன்று கண்டோம்.

உப்பு விளையும் முறையைச் சுருங்கக் கூறுவாம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்துள்ளன. அவற்றுள் நான்கில் மூன்று பங்கிற்குமேல் நாம் உண்ணும் உப்பு. உவர்நீரைப் பெரிய பாத்தியினின்று அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றி வெயிலிற் சுண்டவைப்பர். நீரின் கனத்தைப் பாமே என்பார் பெயரால் அமைந்த மானியால் அளப்பர். உப்பளத்தார் அதனை 'டிகிரி' என்றே வழங்குவர். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. சுண்டச் சுண்ட முதலிற் சுண்ணாம்புப் பொருளும், 13 டிகிரிக்கு மேல் ஜிப்சமும் படிகின்றன. 25 டிகிரியளவில் உப்பு விளையத் தொடங்கும். 29, 30 டிகிரி ஆனதும் எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிடுவர்; இன்றேல் மக்னீசியப் பொருள்கள் கலந்து உப்புக் கைக்கும்.

நண்பர் மானியொன்றைக் கொண்டுவந்திருந்தார். ஒரு பாத்தியருகே நின்ற அன்னையார் நீரை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, "இது நாளைக்கு விளைந்துவிடும்" என்றார். மானியை இட்டோம்; 24 டிகிரி காட்டிற்று. மறுநாட் காலை அப்பாத்தியின்மேல் பாலேடுபோல உப்பு மிதந்தது.

இடைப்பட்ட பாத்தியொன்றில் ஒரு விரற்கணு நீளமும் இல்லாத செந்நிறப் பூச்சிகள் நீந்துவதை நண்பர் கண்டு, உருப்பெருக்குக் கண்ணாடியை வைத்துப் பார்த்து, "ஆர்ட்டீமியா!" என்று கூவினார். இஃது இறால் இனத்திற்கு உறவாய சிற்றுயிர். இதன் முட்டையுறைகள் உலர்ந்த நிலையிற் பல ஆண்டுகள் கெடாதிருந்து, நீர் பட்டவுடன் பொரியும். அதனால் உலகெங்கும் மீன்குஞ்சு, இறாற்குஞ்சு வளர்ப்போர் இதனை உணவாக இடுகின்றனர். மகன் கூவியதைக் கேட்ட அன்னையார், "இந்தப் பூச்சியா? நீர் கொஞ்சம் கனத்தால் வரும், உப்பு விளைகிற பாத்தியில் இருக்காது, மழை பெய்தால் காணாமற் போகும்" என்றார். நண்பர் தம் பாடப்புத்தகத்தில் இருந்ததை அப்படியே கேட்டவராய்த் திகைத்து நின்றார். மிகக் கனத்த நீரில் அச்சிற்றுயிர் வாழாது. உப்புக் குறைந்த நீரிலோ அதனை உண்ணும் மீன்கள் வந்துவிடும். இரண்டிற்கும் இடைப்பட்டதே அதன் நாடு. விளையும் பாத்தியின் இளஞ்சிவப்பு நிறமும் உயிர்களால் ஆவதே. டுனலியெல்லா என்னும் நுண்பாசியும், உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும் தம்முள் ஆக்கும் வண்ணப் பொருளே அஃது. கழுவெளிக்கு வரும் பூநாரையின் செந்நிறமும் இத்தகைய உணவினாலேயே அமைகின்றது.

அன்று மாலை நண்பர் ஒரு புதுக் குறிப்பேடு வாங்கினார். கழிமுகம், கால்வாய், முதற் பாத்தி, இடைப் பாத்தி, விளையும் பாத்தி என ஐந்து இடங்களைக் குறித்தார். மாதந்தோறும் ஒரு நாள், ஒரே நேரத்தில், அவ்வைந்து இடங்களிலும் நீரின் வெப்பத்தையும் கனத்தையும் அளந்து, காணும் உயிர்களை எண்ணி, ஓராண்டு எழுதுவதென்று முடிவு செய்தார். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயலின் மழையில் இவ்வுப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அதற்குமுன் அப்பாத்திகளில் இருந்த உயிர்கள் யாவை, பின்னர் எவை எத்தனை மாதத்தில் மீண்டன என்று கேட்டால், எழுதிவைத்த ஏடு அவ்வூரில் ஒருவர் கையிலும் இல்லை. அடுத்த மழைக்கு முன்னாவது ஓர் ஏடு இருத்தல் வேண்டும் என்றார்.

மூழ்குகலையை அவர் கைவிடவில்லை. தெளிந்த நீரில், ஆசிரியரோடும் துணையோடும் மேலும் பலமுறை இறங்கி, கையும் காலும் அடியைத் தீண்டாது ஒரே ஆழத்தில் நிலைத்து நிற்கப் பழகல் வேண்டும். அப்பழக்கம் இல்லாதவன் எண்ண வந்த உயிரையே காலால் மிதித்துக் கலக்கிவிடுவான். அதன் பின்னரே அளவுக் கயிறும் பலகையும். அவற்றையும் ஒழுங்காகக் கற்றபின், தக்க துணையோடு, அம்முதியவரையே வழிகாட்டியாகக் கொண்டு தம் ஊர்க் கடலில் இறங்குவார்.

எமக்கும் ஒரு வேலை கிடைத்தது. அக்குறிப்பேடு தமிழில் அமைதல் வேண்டும், அம்மாவுக்குப் படித்துக் காட்டினால் பிழையைத் திருத்துவார் என்று நண்பர் விரும்பினார். சொற்களுக்கு யாம் அகராதியைத் தேடினோம். அவற்றிற் பாதியை உப்பளத்திலும் படகடியிலுமே கேட்டறிந்தோம். பாரும் பாகமும் போல, கடலோடு வாழ்வோர் வழங்கும் சொற்கள் பல இன்னும் ஏட்டில் ஏறாமல் உள்ளன. அவற்றைப் பேசுவோர் முதியவராகிவருகின்றனர்.

அன்பர்களே! நம் கல்லூரியில் நெய்தற்றிணையைப் பயில்வோரும் கடலுயிர்களைப் பயில்வோரும் ஒரே விடுதியில் உண்டு உறங்குகின்றோம். ஒருவர் ஏட்டை மற்றவர் திறப்பதில்லை. அடுத்த விடுமுறையில் கடற்கரை ஊரினர் ஒருவரோடு நீங்களும் சென்று பாருங்கள். கையில் ஒரு குறிப்பேடு இருந்தாற் போதும். எம் நண்பரின் ஏட்டில் இதுவரை மூன்று மாதங்களின் கணக்கு ஏறியுள்ளது. மூன்றாம் மாதத்துக் கணக்கில் இரண்டு இடங்களில் அவர் அன்னையார் சொல்ல அடித்துத் திருத்தியிருக்கின்றார்.